ஒயின் ஃப்ரிட்ஜில் கஞ்சாவை உலர்த்தலாமா?

கனடாவில் கஞ்சாச் சட்டம் 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு வீட்டில் நான்கு செடி வளர்க்கலாம் என்றது மத்திய அரசு. கியூபெக்கும் மனிடோபாவும் மட்டும் அப்போது எங்கள் மாகாணத்தில் வீட்டுச் செடிக்கு இடமில்லை என்று தனிச் சட்டம் போட்டன. கியூபெக்கின் தடை உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஏப்ரலில் செல்லும் என்று தீர்ப்பானது. ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருவருக்கு மூன்று செடி என்றது. மால்டா, உருகுவே ஆகிய நாடுகளிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் இப்படி ஏதோ ஓர் எண்ணிக்கை உண்டு. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி வீட்டுத் தோட்டத்தில் ஒரு செடி நின்றாலும் குற்றம்தான். எனவே இந்தக் கட்டுரை பேசுவது சட்டம் அனுமதித்த அந்த ஊர்களின் அடித்தள அறைகளையும் கார் நிறுத்தும் கொட்டகைகளையும் பற்றி மட்டும்.

சட்டம் செடியை எண்ணியது. அறுத்த பூவை எங்கே காய வைப்பது என்பது அதன் கவலை இல்லை. உரிமம் பெற்ற பெரிய நிறுவனங்களுக்குக் குளிரும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைகள் இருக்கின்றன. நான்கு செடிக்காரருக்கு அப்படி ஓர் அறை கிடையாது. அவர் கண் வைத்தது, சமையலறை மூலையிலோ பழைய சாமான் கடையிலோ கிடக்கும் சின்ன ஒயின் ஃப்ரிட்ஜின் மீது. இருபது முப்பது குப்பி பிடிக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி. அதைத் திருத்தி உலர்த்தும் பெட்டியாக்கலாம் என்பது வீட்டு வளர்ப்பாளர்களிடையே பரவிய யோசனை. யோசனையில் பாதி நல்லது. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க, உலர்த்தலில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அறுத்த பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அரைக் கிலோ பச்சைப் பூ காய்ந்தால் சுமார் 120 கிராம் மிஞ்சும். முழுக்க வறண்டுபோகவும் விடக்கூடாது. வறண்ட பூ தொட்டால் தூளாகும். பிசின் சுரப்பிகள் உதிரும். புகை தொண்டையை அறுக்கும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை. இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையை ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிர்ணய அமைப்பு 2018இல் வகுத்தது. உலர்ந்த கஞ்சாப் பூவின் நீர்ச் செயல்பாடு 0.55க்கும் 0.65க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது அதன் டி8197 தரம். எளிதாகச் சொன்னால், அந்தப் பூவை ஒரு சின்ன ஜாடியில் அடைத்து வைத்தால் ஜாடிக்குள் இருக்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 55க்கும் 65க்கும் இடையில் வந்து நிலைக்க வேண்டும். பூவில் எஞ்சும் தண்ணீர் அப்போது எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

அந்த இடத்துக்கு எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்வது என்பதில்தான் ருசி இருக்கிறது. கஞ்சாவின் மணம் டெர்பீன் எனப்படும் ஆவியாகும் எண்ணெய்களால் வருவது. மிர்சீன், லிமோனீன், பைனீன் போன்ற இலேசானவை அறை வெப்பத்திலேயே பறந்துபோகும். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ராஸ், எல்சோலி இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தராசில் நிறுத்தியது. பச்சைப் பூவில் கிடைத்த எண்ணெயில், அறை வெப்பத்தில் ஒரு வாரம் உலர்ந்ததும் 31 விழுக்காடு போயிருந்தது. ஒரு மாதத்தில் இழப்பு 45 விழுக்காட்டை ஒட்டியது. மூன்று மாதத்தில் பாதியைத் தாண்டியது. போனதில் பெரும்பகுதி அந்த இலேசான எண்ணெய்கள்தான். கனமான மூலக்கூறுகள் தங்கியதால் மணத்தின் குணமே மாறியது. வெப்பத்தைக் குறைத்தால் இந்த இழப்பு மெதுவாகும். குளிர்பெட்டியைத் தேடிப் போவதற்கு இருக்கும் உறுதியான நியாயம் இதுதான்.

வெளிச்சம் இன்னொரு எதிரி. லண்டன் பல்கலைக்கழக மருந்தியல் பள்ளியில் ஃபேர்பெர்னும் உடன் பணியாற்றியவர்களும் 1976இல் கண்டது, சேமிப்பில் கஞ்சாவின் வீரியத்தைக் குலைக்கும் காரணிகளில் ஒளிக்கே முதலிடம் என்பது. நாள்பட்டுக் காற்றுப் பட்டாலும் போதை தரும் டி.எச்.சி. சிதையும், அதில் ஒரு பகுதி சி.பி.என். என்ற மந்தமான பொருளாகும். ஒயின் ஃப்ரிட்ஜின் கதவு அழகுக்காகக் கண்ணாடியில் செய்தது. உள்ளே ஒரு நீல விளக்கு வேறு. கதவை உள்பக்கம் அட்டையால் மறைத்து விளக்கின் கம்பியைக் கழற்றுவதோடு அந்தப் பிரச்சினை முடிந்துவிடும். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

மெதுவாக உலர்த்துவதிலும் ஆபத்து இருக்கிறது. வான்கூவர் அருகே சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ஜமீர் புஞ்சா கஞ்சாச் செடியின் நோய்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். பூவைத் தின்னும் பூஞ்சைகளில் அவர் அடிக்கடி பேசும் பெயர் போட்ரைட்டிஸ் சினீரியா என்ற சாம்பல் பூஞ்சை. பூங்கதிரின் உள்ளே, தண்டை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கி வெளியே வரும். இதே பூஞ்சை பிரான்ஸின் சொதேர்ன் பகுதியிலும் ஹங்கேரியின் டோகாயிலும் திராட்சையின் மேல் படர்ந்தால் உன்னத அழுகல் என்று கொண்டாடப்படுகிறது. உலகின் விலை உயர்ந்த இனிப்பு ஒயின்கள் அதனால்தான் பிறக்கின்றன. ஒயினுக்காகச் செய்த பெட்டிக்குள் கஞ்சாவைக் கெடுக்க வருவதும் அதுவேதான். இதைவிடக் கவலைக்குரியது அஸ்பெர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சை. புற்றுநோய்ச் சிகிச்சையிலோ உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பூஞ்சை பிடித்த கஞ்சாவைப் புகைத்தால் நுரையீரலில் தொற்று உண்டாகலாம். மருத்துவக் காரணத்துக்காகவே வளர்ப்பவர்கள் பலர் என்பதால் இது வெறும் எச்சரிக்கைச் சொல் அல்ல. பூஞ்சை கண்ட பூவை வெட்டிச் சுத்தம் செய்து மிச்சத்தை வைத்துக்கொள்ளும் வேலையும் கூடாது. அருகில் இருந்ததோடு சேர்த்துத் தூக்கி எறிவதுதான் சரி.

வளர்ப்பாளர்கள் நடுவே ஒரு சூத்திரம் வழங்குகிறது: அறுபது, அறுபது. அறுபது டிகிரி ஃபாரன்ஹீட், அறுபது விழுக்காடு ஒப்பு ஈரப்பதம், பத்து நாள் முதல் இரண்டு வாரம். செல்சியஸில் 15.5. சோதனைக் கூடத்தில் நிறுவப்பட்ட எண் அல்ல. பலரும் செய்து பார்த்து ஒப்புக்கொண்ட நடுவழி. ஆனாலும் மேலே சொன்ன நீர்ச் செயல்பாட்டு எல்லைக்கும் டெர்பீன் இழப்புக்கும் பூஞ்சை பயத்துக்கும் அது ஒருசேரப் பொருந்துவதால் அதை மதிக்கலாம்.

கனடாவின் ஒரு சாதாரண வீட்டில் இந்த எண் எளிதில் வாய்ப்பதில்லை. அறுவடை செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும். பசிபிக் கரையில் அது மழைக்காலம். உள்நாட்டிலோ வீட்டின் சூடேற்றி ஓடத் தொடங்கியதும் அறைக்காற்று முப்பது விழுக்காட்டுக்கும் கீழே வறண்டுவிடும். அங்கே கயிற்றில் தொங்கவிட்ட கிளை நாலே நாளில் மொறமொறவென்று ஆகிவிடும். வடாம் போட்ட வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்: உச்சி வெயிலில் மேல்தோல் இறுகிவிடும், உள்ளே பசை அப்படியே இருக்கும். பூ காய்ந்தது என்று ஜாடியில் அடைப்பார்கள். மறுநாள் உள்ளிருந்த ஈரம் வெளியே பரவி, பூ மறுபடி துவண்டு, புல் நாற்றம் அடிக்கும்.

சாதாரண ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் ஓடுவது. ஒயின் ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் 5 முதல் 18 டிகிரி வரை வைக்கக் கூடியது. 15.5 அதற்குள் விழுகிறது. யோசனை பிறந்த இடம் இதுதான். முதலில் இதைச் செய்தவர்கள் கஞ்சா வளர்ப்பாளர்களும் அல்லர். சுருட்டுப் பிரியர்கள் ஒயின் ஃப்ரிட்ஜை வாங்கி, தேவதாருத் தட்டுகள் பொருத்தி, சுருட்டு அலமாரியாக்கி வெகுநாள் ஆகிறது. வீட்டில் சலாமியும் பன்றித் தொடையும் பதப்படுத்துவோர் பழைய ஃப்ரிட்ஜை 13 டிகிரியில், 75 விழுக்காடு ஈரத்தில் ஓட்டுகிறார்கள். வெப்பத்துக்கு ஒன்றும் ஈரத்துக்கு ஒன்றுமாகச் சுவரில் செருகும் கட்டுப்படுத்திகள், உள்ளே ஒரு சிறு விசிறி என்ற அமைப்பு அவர்களிடமிருந்தே கஞ்சாக்காரர்களுக்கு வந்தது.

அங்கேதான் ஒரு சறுக்கல். சுருட்டு ஏற்கெனவே உலர்ந்த பொருள். அதற்கு அலமாரி செய்ய வேண்டியது ஈரத்தைக் காப்பது மட்டும். சலாமி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை விடும். பச்சைக் கஞ்சாப் பூ முதல் மூன்று நாளில் கொட்டித் தீர்க்கும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்பது லிட்டர் கொள்ளளவு உள்ள பெட்டி. 15.5 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 13 கிராம் நீராவியைத் தாங்கும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுவதும் சேர்ந்து தாங்குவது ஒரு கிராம்தான். அறுபது விழுக்காட்டில் அதில் 0.6 கிராம் ஏற்கெனவே இருக்கிறது. மிச்ச இடம் 0.4 கிராம். உள்ளே வைத்த அரைக் கிலோ பூவிலிருந்து வெளியேற வேண்டிய தண்ணீரோ 380 கிராம். பத்து நாளுக்குச் சமமாகப் பிரித்தாலும் மணிக்கு ஒன்றரைக் கிராமுக்கு மேல். ஆக, பெட்டியை மூடிய கால் மணி நேரத்தில் காற்று நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பூ விடும் ஒவ்வொரு துளிக்கும் வெளியே போக வழி வேண்டும். குளிர் உண்டாக்குவது அந்தப் பெட்டிக்குப் பிறவிக் குணம். தண்ணீரை வெளியேற்றுவது அதன் வேலையாக என்றுமே இருந்ததில்லை; சொல்லப்போனால் ஒயின் குப்பியின் தக்கை காய்ந்துவிடாமல் ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் வெளியேற இரண்டே வழி. ஒன்று, உள்ளே இருக்கும் காற்றை வெளியே விட்டு அறைக்காற்றை உள்ளே இழுப்பது. அப்படிச் செய்தால் அறையின் வறட்சியோ மழை ஈரமோ அப்படியே உள்ளே வரும். வாசனை வெளியே போகும். ஃப்ரிட்ஜ் எதற்கு என்ற கேள்வி எழும். மற்றது, பெட்டிக்குள்ளேயே நீராவியைக் குளிர்ந்த ஓர் இடத்தில் படிய வைத்து, வடித்து வெளியேற்றுவது. ஒயின் ஃப்ரிட்ஜில் அப்படி ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. பின்சுவரில் உள்ள குளிர்த்தகடு.

இந்தத் தகட்டைப் பற்றி நின்று பேச வேண்டும். திருத்தி அமைத்த பெட்டிகள் ஒன்று வெற்றி பெறுவதும் இன்னொன்று தோற்பதும் பெரும்பாலும் இதனால்தான். காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் துளியாகப் படியுமோ அதைப் பனிநிலை என்கிறோம். 15.5 டிகிரியில் 60 விழுக்காடு ஈரமுள்ள காற்றின் பனிநிலை 7.8 டிகிரி. பெட்டிக்குள் இருக்கும் மிகக் குளிர்ந்த பரப்பு 7.8 டிகிரியில் நின்றால், காற்றில் ஈரம் கூடும்போதெல்லாம் அங்கே படியும். 60க்கு இறங்கியதும் படிவது தானே நிற்கும். தகடு 12 டிகிரிக்குக் கீழே போகவில்லை என்றால் உள்ளே ஈரம் 80 விழுக்காட்டுக்குக் குறையாது. பூஞ்சைக்கு விருந்து. தகடு 2 டிகிரிக்கு இறங்கினால் ஈரம் 40 வரை விழும்; பூ வறண்டு தூளாகும். ஈரப்பத மானியில் தெரியும் எண்ணைத் துரத்திக்கொண்டு ஒரு கருவியை இயக்கி இன்னொன்றை அணைத்துக்கொண்டிருப்பதைவிட, காற்றின் வெப்பநிலை, தகட்டின் வெப்பநிலை ஆகிய இரண்டை மட்டும் பிடித்து வைத்தால் ஈரம் தானே வந்து அமரும். கடைசியில் பூ அதிகம் காய்ந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்காது. சுற்றியுள்ள காற்று 60இல் நின்றால் பூவும் அதற்கு ஏற்ற ஈரத்தில் நின்றுவிடும், ஒரு வாரம் கூடுதலாக மறந்துவிட்டாலும்.

அமெரிக்காவில் இதற்கென்றே செய்து விற்கப்படும் கானட்ரால் போன்ற பெட்டிகள் ஆவி அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்வது இந்த இயற்பியலைத்தான். பார்வைக்கு ஒயின் ஃப்ரிட்ஜ் போலவே இருக்கும். விலை ஆயிரம் டாலருக்கு மேல். வீட்டில் திருத்துகிறவர்கள் பார்த்து நகல் எடுக்க முயல்வதும் இதையே. நகலில் பெரும்பாலும் காணாமல் போவது தகட்டின் வெப்பநிலைக் கட்டுப்பாடு.

கடையில் இரண்டு வகை ஒயின் ஃப்ரிட்ஜ் கிடைக்கும். மலிவானது பெல்டியர் வகை. 1834இல் ஜான் பெல்டியர் கண்ட விளைவை வைத்து, மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சிறு சில்லுதான் அதன் இயந்திரம். சத்தமில்லை, அதிர்வில்லை. சுருட்டுக்காரர்கள் அதையே விரும்பினார்கள். ஆனால் அதன் குளிர்ப்பக்கம் உள்காற்றைவிடச் சில டிகிரிதான் கீழே இருக்கும். 15.5இல் பெட்டியை வைத்தால் 7.8ஐ அது எட்டுவது அரிது. கோடையில், கார்க் கொட்டகையில், 15.5ஐயே எட்டாது. பச்சைப் பூவை அதில் வைத்து உலர்த்தப் பார்ப்பவர் மூன்றாம் நாள் கண்ணாடியில் வியர்வை வழிவதைப் பார்ப்பார்.

கம்ப்ரசர் வகையில் பிரச்சினை நேர்மாறானது. கம்ப்ரசர் ஓடும்போது தகடு உறைநிலைக்கும் கீழே போகும். ஈரத்தை உறிஞ்சிப் பனியாகப் பிடித்துவைக்கும். நின்றதும் பனி உருகும். உருகிய நீர் அடியிலுள்ள துளை வழியாக வடிந்தால் நல்லது. தகட்டிலேயே தங்கினால் மறுபடி காற்றில் கலக்கும். மானியில் ஈரம் ரம்பப் பல் போல ஏறி இறங்குவது இதனால்தான். முதல் சில நாள் பூவிலிருந்து ஈரம் ஓயாமல் வருவதால் இந்த ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டும். ஆறாம் ஏழாம் நாளில் பூ தருவது குறையும். தகடு எடுப்பது குறையாது. ஈரம் 45க்குச் சரியும். பலரும் பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்து கவனத்தைத் தளர்த்தும் நேரம் அதுதான். அந்தக் கட்டத்தில் ஒரு சிறு ஈரமூட்டியைக் கட்டுப்படுத்தியோடு இணைப்பது ஒரு வழி. பூவைத் துணிப்பையிலோ பழுப்புக் காகிதப் பையிலோ மாற்றி வேகத்தைத் தணிப்பது இன்னொன்று. இரண்டாவதில் கெட்டுப்போக எந்தக் கருவியும் இல்லை என்பதால் என் ஓட்டு அதற்கு.

துணைக்கருவிகளில் ஏமாற்றம் தருவது கையடக்க ஈர நீக்கி. ஒரு நாளைக்கு இத்தனை நூறு மில்லி தண்ணீர் எடுக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பது 30 டிகிரியில், 80 விழுக்காடு ஈரத்தில் அளந்த எண். 15 டிகிரியில் அது எடுப்பது சொற்பம். அதோடு, எடுக்கும் வேலைக்காகத் தன் சூட்டையும் பெட்டிக்குள் விடும். அதைக் குளிர்விக்க ஃப்ரிட்ஜ் கூடுதலாக ஓடும். ஜாடிக்குள் போடும் இருவழி ஈரப்பதப் பொட்டலங்களையும் சிலர் உலர்த்தும் கட்டத்திலேயே பெட்டிக்குள் அடுக்குகிறார்கள். அவை சில கிராம் ஈரத்தைக் கொடுக்கவும் வாங்கவும் செய்தவை. 380 கிராமுக்கு முன்னால் அவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

மின்கட்டுப்படுத்தியைச் சேர்ப்பதிலும் ஒரு சிக்கல். கட்டுப்படுத்தி ஃப்ரிட்ஜின் மின்சாரத்தையே வெட்டி, பிறகு கொடுக்கும். தொடுபலகை உள்ள புதிய ஃப்ரிட்ஜுகள் பல, மின்சாரம் திரும்பியதும் பழைய அமைப்பை மறந்துவிடும். சில அணைந்தே கிடக்கும். திருகு குமிழ் உள்ள பழைய மாதிரிக்குத்தான் இந்த வேலையில் மதிப்பு. கம்ப்ரசர் நின்றதும் உடனே மறுபடி ஓட வைத்தால் அது கெடும் என்பதால் குறைந்தது மூன்று நிமிடத் தாமதம் வைக்க வேண்டும். பெரும்பாலான கட்டுப்படுத்திகளில் அந்த வசதி உண்டு.

உயிரோடு விளையாடும் தவறு ஒன்று இருக்கிறது. உணரிக் கம்பியை உள்ளே விடுவதற்காகச் சுவரில் துளை போடுவது. கம்ப்ரசர் ஃப்ரிட்ஜில் குளிர்வாயு ஓடும் மெல்லிய குழாய்கள் பல மாதிரிகளில் சுவருக்குள்ளேயே, நுரைக்குள் புதைந்து கிடக்கின்றன. வெளியே தெரியாது. இன்று வீட்டு ஃப்ரிட்ஜுகளில் பரவலாக நிரப்பப்படும் வாயு ஐசோபியூட்டேன், எரியும் வாயு. துளைக்கும் கருவியின் பொறி ஒன்று போதும். ஒரு மெல்லிய கம்பிக்குத் துளையே தேவையில்லை. கதவு ரப்பரின் கீல் பக்கம் வழியாகவோ தண்ணீர் வடியும் துளை வழியாகவோ அது போகும். அதற்கு மேல் பெரிய திருத்தம் வேண்டும் என்று தோன்றினால், இந்தப் பெட்டி உங்களுக்கானது அல்ல என்று பொருள்.

எல்லா எண்ணும் மானியை நம்பி நிற்கிறது. மலிவான ஈரப்பத மானிகள் ஐந்து விழுக்காடு கூடக் குறையக் காட்டுவது சகஜம். 60 என்று நினைத்து 66இல் பூவை வைத்திருப்பவருக்கும் 54இல் வைத்திருப்பவருக்கும் விளைவு வேறு வேறு. சரிபார்க்க நல்ல வழி சமையலறையிலேயே இருக்கிறது. ஒரு மூடியில் கல்லுப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வைத்தால், அறை வெப்பத்தில் உள்ளே 75 விழுக்காடு ஈரம் நிலைக்கும். மானி காட்டுவதும் 75ம் எவ்வளவு விலகுகிறதோ அதுதான் பிழை.

உலர்த்திய பிறகு பாடம் செய்தல். புகையிலை விளையும் ஊர்களில் இது தலைமுறை அறிவு. கஞ்சாவிலும் உலர்ந்த பூவைக் கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு நிரப்பி, முதல் இரண்டு வாரம் தினமும் சற்று நேரம் திறந்து மூடி, பிறகு வாரம் ஒருமுறை என்று குறைப்பார்கள். இதனால் பச்சையம் சிதைந்து புகை மிருதுவாகிறது என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். அதற்கு ஆய்வுச் சான்று மெலிது. மணத்தைப் பொறுத்தவரை கொஞ்சம் வலுவான சான்று இருக்கிறது. ஐயன் ஆஸ்வால்டும் குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கங்க் என்ற விலங்கினுடையது போன்ற கஞ்சாவின் தனித்த நாற்றத்துக்கு டெர்பீன்கள் அல்ல, மிகச் சிறிய அளவில் உள்ள கந்தகச் சேர்மங்கள் காரணம் என்று கண்டார்கள். அந்தச் சேர்மங்கள் பூப்பருவத்தின் இறுதியில் கூடி, பாடம் செய்த கட்டத்தில் உச்சம் தொட்டு, பிறகு சேமிப்பில் சரிந்தன. பாடம் செய்யும்போது ஏதோ நிகழ்கிறது என்று வளர்ப்பாளர்கள் சொன்னது வீண் பேச்சில்லை. மாதக்கணக்கில் வைத்தால் மேலும் மேலும் நன்றாகும் என்று அவர்களே சொல்வதற்குத்தான் அந்த ஆய்வில் ஆதரவு இல்லை.

பூவை அலுங்காமல் பாடம் செய்யும் இந்த முறைக்கு நேரெதிரான ஒரு வழி வங்காளத்தில் இருந்தது. பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் 1893–94இல் நாடெங்கும் விசாரித்து எழுதிய பல தொகுதி அறிக்கையில், இன்று வங்கதேசத்தில் இருக்கும் நவகாவ் பகுதியில் பூ பதப்படுத்தப்பட்ட விதம் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. வெட்டிய செடியை வெயிலில் வாட்டி, வட்டமாகப் பரப்பி, ஆட்கள் காலால் மிதித்து அழுத்தித் தட்டையாக்கினார்கள். பிசின் பூவோடு ஒட்டி இறுகியது. சந்தைக்கு அனுப்ப வசதியானது. இன்றைய வளர்ப்பாளர் பிசின் சுரப்பி உதிரக் கூடாதென்று பூவைக் கையால் தொடவே தயங்குகிறார். எது நல்ல பதம் என்பதை அந்தந்தக் காலத்தின் வாங்குபவர் தீர்மானித்திருக்கிறார்.

பாடம் செய்யும் கட்டத்துக்கு ஒயின் ஃப்ரிட்ஜ் அருமையான பெட்டி. முன்னே சொன்ன குறைகள் எதுவும் அங்கே எழாது. வெளியேற்றத் தண்ணீர் இல்லை. ஜாடி மூடியிருப்பதால் தகடு ஈரத்தை உறிஞ்ச முடியாது. 15 டிகிரி நிலையான குளிர், இருட்டு, இவ்வளவே தேவை. மலிவான பெல்டியர் வகையே போதும், கட்டுப்படுத்தியும் வேண்டாம், கதவை மறைத்து விளக்கைக் கழற்றுவது தவிர எதையும் திருத்தவும் வேண்டாம். ஒயினுக்காகச் செய்த பெட்டி தன் பழைய வேலையையே கொஞ்சம் வேறு பொருளுக்குச் செய்கிறது.

அப்படியானால் முதல் பத்து நாள் உலர்த்தலை எங்கே செய்வது? நிலத்தடி அறை ஒன்று இருந்து, அதன் வெப்பம் 18 டிகிரிக்குள் நின்றால், அங்கே ஓர் அட்டைப் பெட்டியிலோ வளர்ப்புக் கூடாரத்திலோ கிளையோடு தொங்கவிட்டு, அறை வறண்டிருந்தால் ஈரமூட்டி, ஈரமாக இருந்தால் ஈர நீக்கி ஓட்டினால் போதும். பெரிய இடத்தில் காற்று அதிகம். கால் மணி நேரத்தில் நிரம்பிவிடாது. எண்பது லிட்டர் பெட்டியைத் திருத்துவதைவிட ஓர் அறையைத் திருத்துவது எளிது என்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும், கணக்கைப் பார்த்த பிறகு தோன்றாது. இன்னொரு வழி, பனி உறையாத சாதாரணக் குடும்ப ஃப்ரிட்ஜில் காகிதப் பைக்குள் வைத்து மூன்று வாரம் உலர்த்துவது. அந்த வகை ஃப்ரிட்ஜ் தன் பனியைத் தானே உருக்கி வடிக்கும் அமைப்போடு பிறந்தது என்பதால் தண்ணீரை வெளியேற்றும் வேலையில் ஒயின் ஃப்ரிட்ஜை மிஞ்சும். டெர்பீன் இழப்பும் அங்கே குறைவு. ஆனால் அதற்கென்று தனி ஃப்ரிட்ஜ் வேண்டும். பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற பொருள் இது அல்ல.

திருத்திய கம்ப்ரசர் ஒயின் ஃப்ரிட்ஜில் உலர்த்துவது யாருக்குப் பொருந்தும்? ஜெர்மனியில் வீட்டில் வைத்துக்கொள்ளும் உலர்ந்த பூவுக்கு 50 கிராம் வரம்பு. அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரு செடியை, அதுவும் கிளை கிளையாக அறுத்து, இருநூறு கிராம் பச்சைப் பூவை மட்டும் ஒரு தடவைக்கு வைப்பவருக்கு அந்தச் சின்னப் பெட்டி ஈடுகொடுக்கும். கனடாவில் தோட்டத்து மண்ணில் ஆளுயரம் வளர்ந்த நான்கு செடியை ஒரே வார இறுதியில் அறுப்பவருக்கு அது பத்தில் ஒரு பங்கைக்கூடக் கொள்ளாது. பணத்தைப் பார்த்தாலும் நியாயம் குறைவு. உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சாவின் விலை இறங்கிக்கொண்டே வந்த நாட்டில், சில நூறு டாலர் பெட்டியும் கட்டுப்படுத்திகளும் மிச்சம் பிடிக்கும் கணக்கில் வராது. இது பொழுதுபோக்கு; பொழுதுபோக்காகவே செலவு செய்ய வேண்டும்.

வாசனை அடங்கும் என்று நம்பி வாங்குபவர்களும் உண்டு. ஓரளவு அடங்கும். கதவைத் திறக்கும் நேரமும் வடிகுழாயில் சொட்டும் தண்ணீரும் அண்டை வீட்டுக்குச் செய்தி சொல்லிவிடும். உள்ளே உள்ள பிளாஸ்டிக்கில் ஏறிய மணம் போகாது. அந்தப் பெட்டி மறுபடி ஒயினுக்கோ உணவுக்கோ ஆகாது. குழந்தைகள் உள்ள வீடானால் பூட்டு இன்றியமையாதது. பல ஒயின் ஃப்ரிட்ஜுகளில் சாவி உண்டு, அதற்காகவே அந்த மாதிரியைத் தேடலாம்.

வாங்குவதென்று முடிவு செய்தவர் கடையில் பார்க்கப்போகும் விவரப் பலகையில் எத்தனை குப்பி, எத்தனை டெசிபல் சத்தம், ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் எல்லாம் இருக்கும். குளிர்த்தகடு எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பது மட்டும் இருக்காது. அதை அறிய, வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பூ எதையும் வைக்கும் முன் ஒரு சிறு வெப்ப உணரியைத் தகட்டின் மீது நாடா போட்டு ஒட்டி, பெட்டியை 15 டிகிரியில் வைத்து, ஒரு பகலும் இரவும் ஓட்டிப் பார்க்க வேண்டும். 8 டிகிரிக்கு மேலேயே நின்றால் ஜாடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே போய் வந்தால், சின்னக் கிளை ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.